சிவப்பாகத் தெரிந்த கண்மாய்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராமநாதபுரம் பக்கத்துக் கோடைக்காலச் செயற்கைக்கோள் படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். படம் முழுக்க வெளிறிய நீலமும் சாம்பலும். நடுநடுவே கண்மாய்களின் வடிவத்தில் பளீரென்று சிவப்பு. போலி வண்ணப் படத்தில் சிவப்பு என்றால் உயிருள்ள பச்சை என்று பாடத்தில் படித்திருந்தேன். பச்சை, அதுவும் தண்ணீர் நிற்கிற இடத்தில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு சிவப்பையும் சுற்றிக் கோடு இழுத்து, ‘கோடை நெல்’ என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஜீப்பில் போய் இறங்கினோம். கண்மாய்க்குள் நெல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பங்குனிக்கு மேல் இந்தக் கண்மாயில் தண்ணீர் கிடந்து எனக்கு நினைவில்லை தம்பி. இங்கே எவன் நெல் போட்டான்?”

நான் பொள்ளாச்சிக்காரன். வாய்க்காலில் தண்ணீர் வருகிற ஊரில் வளர்ந்தவனுக்குக் கோடையில் பச்சை என்றால் பாசனம்தான். ஊர்ப் புத்தியை வைத்துக்கொண்டு வேறு ஊரைப் படித்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் மேலதிகாரி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நூலகத்துக்குப் போய் ஒரு தலையணைப் புத்தகத்தைத் தூக்கி வந்து என் மேசையில் வைத்தார். ‘மேனுவல் ஆஃப் ஃபோட்டோகிராஃபிக் இன்டர்பிரடேஷன்’, 1960-இல் அமெரிக்க வான்பட அளவியல் கழகம் வெளியிட்டது. எண்ணூறு பக்கங்களுக்கு மேல். தலைமைப் பதிப்பாசிரியர் ராபர்ட் கோல்வெல், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வனவியல் பேராசிரியர். வனவியல் பேராசிரியருக்கும் வான்படத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் தோன்றியது. பத்துப் பக்கம் புரட்டியதும், அந்தச் சம்பந்தம் வேறு யாருக்கு இருக்க முடியும் என்று தோன்றிவிட்டது.

காட்டை அளப்பவனின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். வயலை வரப்பில் நடந்து அளந்துவிடலாம். காட்டுக்குள் பத்தடி போனால் பின்னால் வந்த வழி தெரியாது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் கலிபோர்னியாவின் தாவரங்களை வரைபடமாக்க வைஸ்லேண்டர் என்பவரின் தலைமையில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆட்கள் மலை முகடுகளில் ஏறி நின்று, எதிர்ச் சரிவில் என்ன மரம், எது புதர், எது புல் என்று பார்த்து வரைபடத் தாளில் கோடு போட்டார்கள். வருடக்கணக்கில் இதே வேலை. அவர்கள் போட்ட கோடுகளை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றால், அந்தக் கால்கள் எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும்! ஆனாலும் முகட்டிலிருந்து பார்ப்பவனுக்கு முகட்டின் மறைவில் இருப்பது தெரியாதே.

விமானத்தில் கேமரா ஏறியதும் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது. ஒன்பது அங்குலச் சதுரப் படங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் ஒரே நிலப்பரப்பு விழும்படி எடுப்பார்கள். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்த இந்த இரண்டு படங்களையும் ஸ்டீரியோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று பார்க்க வேண்டும். முதல் நாள் எனக்குத் தலைவலிதான் மிச்சம். இரண்டு படமும் இரண்டு படமாகவே கிடந்தன. மூன்றாம் நாள், படத்தை ஒரு நூலளவு நகர்த்தியபோது, தட்டையாகக் கிடந்த தாளிலிருந்து மலை எழுந்து மூக்கருகே வந்து நின்றது. பயந்து தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் ஒரு நாள் அப்படி இழுத்தவர்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடது படத்தையும் வலது படத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் மலை பள்ளமாகிவிடும், ஆறு முகட்டின் மேல் ஓடும். மூளை கொஞ்சமும் கூச்சப்படாமல் அதை நம்பும். ‘ஆறு மேட்டில் ஓடாதே’ என்று ஏற்கெனவே தெரிந்தவன்தான் படத்தை மாற்றி வைப்பான்.

படத்தில் மரம் எழுந்து நின்றுவிட்டால் உயரத்தை அளக்கலாம். மர நுனியும் அடியும் இரண்டு படங்களிலும் எவ்வளவு விலகி விழுகின்றன என்ற சின்ன வித்தியாசத்தில் உயரம் ஒளிந்திருக்கிறது. தழைத்தலையின் விட்டம், மரத்தலைகள் சேர்ந்து போடும் விதானம் தரையை எவ்வளவு மூடியிருக்கிறது என்ற கணக்கு, இவற்றைச் சேர்த்தால் ஓர் ஏக்கரில் எவ்வளவு மரக்கட்டை நிற்கிறது என்று மதிப்பிட்டுவிடலாம். என்ன மரம் என்றுகூடச் சொல்லலாம். சியரா நெவாடா மலைகளில் ஃபிர் மரம் மேலிருந்து பார்த்தால் ஒழுங்கான கூம்பு. சுகர் பைனோ சில கிளைகளை மட்டும் முறையில்லாமல் நீட்டிக்கொண்டு, கையையும் காலையும் விரித்துப் படுத்தவனைப் போலத் தெரியும். நிறத்தின் அழுத்தம், வடிவம், அளவு, நிழல், இழைநயம், அமைப்பொழுங்கு, இருக்கும் இடம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டுச் சங்கதிகளை இந்தத் துறையில் மந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பார்கள். தனியாக எதையும் நம்பாதே, எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகிறதா என்று பார் என்பதுதான் அந்த மந்திரத்தின் பொருள். கண்மாயில் நான் நிறத்தை மட்டும் பார்த்தேன். வயல் என்றால் வரப்பு இருக்க வேண்டும்; கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டும். நான் கோடு போட்ட சிவப்பில் ஒரு கட்டம்கூட இல்லை.

கோல்வெல்லிடம் திரும்புகிறேன். 1918-இல் பிறந்த அவர் 1942-இல் பெர்க்லியில் வாங்கிய முனைவர் பட்டம் தாவர உடலியலில். இது முக்கியம், கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து போர். கடற்படையில் வான்படங்களைப் படித்துச் சொல்லும் வேலை அவருக்கு. போர் முடிந்து 1947-இல் பெர்க்லி வனவியல் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். ஆக, இலைக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியும். ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து எடுத்த படத்தில் எதிரி எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடவும் தெரியும். இந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால் விளைந்ததுதான் அடுத்த கதை.

போர்க்காலத்தில் கோடாக் நிறுவனம் ஒரு விசித்திரமான ஃபிலிமைத் தயாரித்திருந்தது. பீரங்கியின் மேல் வெட்டிய கிளைகளைப் போட்டு மூடினால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் காடாகத்தான் தெரியும். பச்சைப் பெயின்ட் அடித்த துணியும் அப்படித்தான். இந்த ஃபிலிம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உயிருள்ள இலை ஏறக்குறைய பாதிக்குப் பாதி திருப்பி அனுப்புகிறது. இலைக்குள்ளே பஞ்சு போன்ற திசுவும் அதன் நடுவே காற்றறைகளும் இருக்கின்றன. ஒளி அங்கே பட்டுத் தெறித்து வெளியே வந்துவிடுகிறது. பெயின்ட் அப்படிச் செய்யாது. வெட்டிய கிளை வாட வாட இந்தத் தெறிப்பும் மாறிவிடும். அந்த ஃபிலிமில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் பதியும். நீல ஒளியை மஞ்சள் வடிகட்டி ஒன்று வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே நல்ல காடு ரத்தச் சிவப்பாகத் தெரியும். ஒளித்து வைத்த பீரங்கி நீலம் பாய்ந்து பல்லிளிக்கும்.

செத்த கிளையைக் காட்டிக்கொடுக்கிற ஃபிலிம், சாகப்போகிற பயிரைக் காட்டிக்கொடுக்காதா? கோல்வெல் கேட்ட கேள்வி இதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோதுமை விவசாயிகளுக்குத் தண்டுத் துரு நோய் என்றால் குலைநடுங்கும். 15பி என்ற புதிய துரு இனம் 1953, 1954 ஆண்டுகளில் வடபகுதியின் டுரம் கோதுமையைச் சூறையாடியிருந்தது. துரு ஒரு பூஞ்சை. இலைக்குள் இழை இழையாகப் பரவும். பரவினால் ஒளியைத் தெறிக்கவிடும் அந்தப் பஞ்சுத் திசுவின் கதி என்ன? அகச்சிவப்பு குறைய வேண்டும். ஃபிலிமில் சிவப்பு மங்க வேண்டும். கலிபோர்னியாவில் நோயுள்ள பயிரையும் நோயில்லாத பயிரையும் படமெடுத்துப் பார்த்தார். மங்கத்தான் செய்தது. 1956-இல் ‘ஹில்கார்டியா’ என்ற வேளாண் ஆய்விதழில் தானியப் பயிர் நோய்களை வான்படத்தால் கண்டுபிடிப்பது பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எந்த ஃபிலிம், எந்த வடிகட்டி, எந்த நேரம் என்று அடுப்படியில் பதம் பார்ப்பவரைப் போல ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார்.

மரத்துக்காரர் கோதுமைக்குள் ஏன் போனார் என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஒரு பைன் மரம் வளர ஐம்பது வருடம். கோதுமை ஆறே மாதத்தில் பதில் சொல்லிவிடும். என் ஊகம்தான் இது, அவர் சொன்னதல்ல.

இந்த வேலைக்கெல்லாம் அப்போது ஒரு பொதுப் பெயர்கூட இல்லை. கேமராவைத் தாண்டி ரேடார், வெப்பம் அளக்கும் கருவிகள் என்று வரத் தொடங்கியபின் ‘வான்படம்’ என்ற சொல் போதவில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் புவியியலாளராக இருந்த ஈவ்லின் புரூயிட் என்ற பெண்மணிதான் ‘ரிமோட் சென்சிங்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். தமிழில் அதைத் தொலையுணர்வு என்கிறோம். என் அம்மாவுக்கு நான் செய்யும் வேலை ‘தொலையுணர்வு’ என்று ஒருமுறை சொன்னேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பதுதானே என்றார்.

1969 மார்ச் 3-ஆம் தேதி அப்போலோ 9 கிளம்பியது. நிலவுக்குப் போகாமல் பூமியையே பத்து நாள் சுற்றிவந்த பயணம். அதனாலேயே பலருக்கு மறந்துவிட்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மறக்காது. விண்கலத்தின் ஜன்னலில் நான்கு ஹாசல்பிளாட் கேமராக்களை ஒன்றாகப் பூட்டி, நான்கும் ஒரே நேரத்தில் ஒரே நிலத்தைப் படமெடுக்கும்படி செய்திருந்தார்கள். மூன்றில் கறுப்பு வெள்ளை ஃபிலிம்: ஒன்றுக்குப் பச்சை ஒளி, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு அகச்சிவப்பு. நான்காவதில் அந்தப் பழைய போர்க்கால ஃபிலிமின் வாரிசு. தென் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கத்து வயல்கள் எல்லாம் அதில் விழுந்தன. வந்த படங்களைப் பயிர் பயிராகப் பிரித்துப் படித்த குழுக்களில் கோல்வெல்லின் பெர்க்லி குழுவும் ஒன்று. மேலே விண்கலம், அதற்குக் கீழே விமானம், அதற்கும் கீழே வயலில் நோட்டுப் புத்தகத்தோடு ஆட்கள். ‘பல’ என்று தொடங்கும் ஒரு பட்டியலையே வைத்திருந்தார் அவர்: பல உயரம், பல அலைவரிசை, பல தேதி. ஒரே வயலை ஒரு தேதியில் பார்த்தால் பச்சை. மூன்று தேதியில் பார்த்தால் இது பார்லி, இது அல்ஃபால்ஃபா என்ற தீவனப்பயிர், இது தரிசு என்று பிரிந்துவிடும்.

மூன்று வருடம் கழித்து, 1972 ஜூலை 23 அன்று, பின்னாளில் லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்ற செயற்கைக்கோள் மேலே போனது. அதன் பச்சை, சிவப்பு, அகச்சிவப்புப் பட்டைகள் அப்போலோ 9 சோதித்துப் பார்த்த வழியில் வந்தவை. அந்தப் பத்தாண்டின் உற்சாகத்தை இன்று படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருக்கிறது. உலகத்துப் பயிரையெல்லாம் மேலிருந்தே எண்ணிவிடலாம், நோயைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே பிடித்துவிடலாம் என்றெல்லாம் பேசினார்கள். ‘கண்ணுக்குத் தெரியும் முன்பே’ என்பது எல்லாப் பயிருக்கும் பலிக்கவில்லை. வண்டு துளைத்த பாண்டரோசா பைன் மரங்களை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் இதே ஃபிலிமில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மனிதக் கண்ணை முந்திக்கொண்டு அது பெரிதாக எதையும் சொல்லவில்லை. கோல்வெல்லும் அந்த உற்சாகத்தில் பங்குள்ளவர்தான். ஆனால் தரைக்குப் போய்ப் பார்க்காத படத்தை முழுக்க நம்பச் சொல்லும் ஆள் அல்ல அவர். 1983-இல் தொலையுணர்வுக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு அவருடைய தலைமையில் பிரம்மாண்டமான இரண்டு தொகுதிகளாக வந்தது. 2005-இல் காலமானார்.

இந்தக் கதையின் ஒரு கிளை எங்கள் ஊர் வரை வருகிறது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பக்கம் போனால் கொல்லங்கோடு. 1909-இல் அங்கே பிறந்தவர் பி.ஆர். பிஷாரடி. பெங்களூரில் சி.வி. ராமனிடம் வேலை பார்த்தவர், பிறகு வானிலை ஆய்வாளர். இந்தியத் தொலையுணர்வுத் துறைக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறோம். 1970-ஐ ஒட்டி அவருடைய குழு முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது தென்னை. கேரளத்தில் 1882 வெள்ளத்துக்குப் பின் தலைகாட்டிய வேர்வாடல் நோய் காயங்குளம் வட்டாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஹெலிகாப்டரில் ஹாசல்பிளாட் கேமராவும் அகச்சிவப்பு வண்ண ஃபிலிமும் எடுத்துப் போய்த் தோப்புகளைப் படம் பிடித்தார்கள். நல்ல மரம் சிவப்பு, நோய் மரம் மங்கல். இந்தியாவின் தொலையுணர்வு ஒரு தென்னந்தோப்பின் மேல்தான் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு தோப்புக்காரனின் கர்வம் உண்டு.

அந்த நோய் இப்போது மலை தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஆனைமலைப் பக்கம் பெரியப்பாவுக்கு எட்டு ஏக்கர் தோப்பு. போன வருடம் போனில் கூப்பிட்டார். “இத்தனை வருடம் மேலே இருந்து பார்க்கிற வேலைதானே பார்க்கிறாய் கண்ணு, எந்த மரத்தை வெட்டுவது என்று பார்த்துச் சொல்லேன்.”

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படம் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். தென்னையை இருபத்தைந்து அடி இடைவெளியில் வைப்போம். அப்படியானால் ஒரு புள்ளிக்குள் இரண்டு மரத்துக்குக் கொஞ்சம் குறைவு. லேண்ட்சாட் 1 காலத்துப் புள்ளியாக இருந்திருந்தால் ஒன்றுக்குள்ளேயே நூறு மரம் அடங்கியிருக்கும். முன்னேற்றம்தான். ஆனாலும் ஐம்பது வருடத்துக்கு முன் அந்த ஹெலிகாப்டர் மரம் மரமாகப் பார்த்ததை, இந்தப் படத்தால் பார்க்க முடியாது. தோப்பின் வடகிழக்கு மூலையில் அரை ஏக்கர் அளவுக்குச் சிவப்பு தெளிவாக மங்கியிருந்தது. அச்செடுத்துக்கொண்டு போனேன்.

பெரியப்பா படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. “அந்த மூலைக்கு ஓடுகிற மோட்டார் காயில் கருகி இரண்டு மாதம் தண்ணீர் போகவில்லை. மரத்துக்கு வேறு ஒன்றும் இல்லை.” என்னை வீட்டை ஒட்டிய வரிசைக்குக் கூட்டிப் போனார். ஒரு மரத்தின் கீழ்மட்டையைக் காட்டினார். இலைகள் விறைப்பு இல்லாமல் உள்வாங்கி வளைந்து, எலும்பும் தோலுமானவனின் விலாவைப் போல இருந்தன. கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். நல்ல ஓலைக்கு இருக்கும் வெட்டு இல்லை, துவண்டிருந்தது. இந்த மரங்கள் என் படத்தில் ஏன் நன்றாகத் தெரிந்தன என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தபோதுதான் விளங்கியது. அடியில் முழுக்கக் கோகோ. ஊடுபயிராக வைத்து ஆறேழு வருடமாகிறது. அகலமான கரும்பச்சை இலைகள், தென்னை விட்ட இடத்திலெல்லாம் வானத்தைப் பார்த்து மினுமினுத்துக்கொண்டு நின்றன.

ஆண்டுக்குப் பத்துக் காய்க்குக் கீழே இறங்கிய நோய் மரங்களை வெட்டிவிடுவது என்று முடிவு. மற்றவற்றுக்கு உரமும் கவனிப்பும். பெரியப்பா மட்டையைத் தடவி, கொண்டையைப் பார்த்து, சில மரங்களில் தலையை ஆட்டிவிட்டுச் சுண்ணாம்பால் பட்டை போட்டுக்கொண்டே போனார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். சும்மா நடக்க மனமில்லாமல் பட்டை போட்ட ஒவ்வொரு மரத்தடியிலும் போனில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். மொத்தம் பதினேழு. இரவு சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியில் அந்தப் புள்ளிகளைப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். பதினான்கு, நல்ல சிவப்பில் விழுந்திருந்தன.